ரீஃபண்ட் இன்னும் வரலையா? எங்கே மாட்டியிருக்குன்னு முதல்ல பாருங்க!

“ரிட்டர்ன் போட்டு நாலு மாசம் ஆச்சுங்க. போர்ட்டலைத் திறந்தா ‘அண்டர் ப்ராசஸிங்’னே நிக்குது. அந்தப் பணம் வருமா, வராதா?”

தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் இந்தப் பொங்கல் லீவில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பத்திரிகையில் வேலை பார்த்தால் வருமான வரியும் தெரிந்திருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. கேட்டவர்கள் யாரும் பெரிய பணக்காரர்கள் இல்லை. அரியர்ஸ் வாங்கிய மாதத்தில் மொத்தமாக வரி பிடிக்கப்பட்ட ஆசிரியர் ஒருவர். ஓசூர் கம்பெனியில் ‘கன்சல்டன்ட்’ என்ற பெயரில் சேர்ந்து, மாதாமாதம் 10 சதவிகிதம் டி.டி.எஸ் பிடித்தம் போக மீதியை வாங்கும் பையன். ஓய்வுக்காலப் பணத்தை டெபாசிட்டில் போட்டு, வட்டியில் வங்கி வரி பிடித்துவிட்ட பெரியவர். இவர்களுக்கு வரவேண்டியது 12,000, 25,000, 38,000 என்கிற கணக்கில்தான் இருக்கிறது. அரசாங்கத்துக்கு இது சில்லறை. ஆனால், அந்த வீட்டில் அது செமஸ்டர் ஃபீஸ். இல்லையென்றால், போர்வெல் மோட்டார்.

ரீஃபண்ட் என்றதும் ஏதோ மானியம், சலுகை மாதிரி ஒரு எண்ணம் நமக்கு இருக்கிறது. அதனால்தான் கேட்கவும் தயங்குகிறோம். அது சலுகையே இல்லை. உங்களிடம் கூடுதலாகப் பிடித்த உங்கள் பணம். 2014-ல் டாடா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமும், கூடுதலாக வசூலித்த வரியை வட்டியோடு திருப்பித் தருவது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். ஆனால், எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரியாமல் கேட்டால் பதில் கிடைக்காது. ‘தாமதம்’ என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் ஏழெட்டு விதமான சிக்கல்கள் இருக்கின்றன. சிலவற்றுக்குக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. சிலவற்றில் காத்திருந்தால் பணமே கைவிட்டுப் போகும்.

முதலில், கெடு எப்போது?

நம்ம பக்கத்துப் பசங்க வேலை தேடிப் போகிற அதே பெங்களூரில்தான் இந்தியா முழுவதற்குமான ரிட்டர்ன்களைப் பரிசீலிக்கும் மையமும் இருக்கிறது. சி.பி.சி என்பார்கள். தர்மபுரியிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரம்தான். ஆனால், நேரில் போய் நின்று கேட்கிற இடம் இல்லை அது. எல்லாம் கம்ப்யூட்டர் வழிதான்.

அந்த மையத்துக்குச் சட்டம் கொடுத்திருக்கும் அவகாசம் பலருக்குத் தெரிவதில்லை. ரிட்டர்ன் தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து 9 மாதம். அதாவது, 2025 ஜூலையிலோ செப்டம்பரிலோ நீங்கள் ரிட்டர்ன் போட்டிருந்தால், அந்த நிதியாண்டு 2026 மார்ச் 31-ல் முடிகிறது. அங்கிருந்து 9 மாதம் என்றால் 2026 டிசம்பர் 31. ஆக, இன்றைய தேதியில் உங்கள் ரிட்டர்ன் பரிசீலனையில் இருப்பது எரிச்சலான விஷயம்தான். சட்டப்படி தப்பு இல்லை. ரிட்டர்ன்களைப் பரிசீலிக்க 2013-14-ல் சராசரியாக 93 நாள்கள் ஆனது, இப்போது 10 நாள்கள்தான் ஆகிறது என்று 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சொன்னார். பத்து நாளில் பணம் வந்த பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துதான் நமக்கு வயிறு எரிகிறது. சராசரி என்றால் இரண்டு நாளில் முடிந்ததும் அதில் உண்டு, இருநூறு நாள் இழுத்ததும் உண்டு.

காத்திருக்கும் காலத்துக்கு வட்டி உண்டு. மாதத்துக்கு 0.5 சதவிகிதம். ஊர்க்கணக்கில் சொன்னால், நூத்துக்கு அம்பது காசு வட்டி. கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டவர்களுக்கு ஏப்ரல் 1-லிருந்தே கணக்கு ஆரம்பிக்கும். தாமதமாகப் போட்டவர்களுக்கு, போட்ட தேதியிலிருந்து. 38,000 ரூபாய்க்கு மாதம் 190 ரூபாய். 2025 ஏப்ரலிலிருந்து 2026 ஜனவரி வரை பத்து மாதம் என்றால் 1,900 ரூபாய். ஒரு விதிவிலக்கு: திரும்ப வரவேண்டிய தொகை, நீங்கள் கட்டவேண்டிய மொத்த வரியில் 10 சதவிகிதத்துக்கும் குறைவாக இருந்தால் வட்டி கிடையாது. இதே நீங்கள் வரி கட்டத் தாமதித்தால் துறை உங்களிடம் வாங்குவது மாதம் 1 சதவிகிதம், அதாவது ஒரு ரூபா வட்டி. கொடுக்கும்போது அம்பது காசு, வாங்கும்போது ஒரு ரூபா! இந்த நியாயம் எனக்கு இன்னும் புரிபடவில்லை.

இந்த வருஷம் மட்டும் ஏன் இப்படி?

இந்த முறை தாமதத்துக்குத் தனிக் காரணங்கள் உண்டு. ரிட்டர்ன் படிவங்களில் செய்த மாற்றங்களால், வழக்கமான ஜூலை 31 கெடு 2025-ல் செப்டம்பர் 15-க்குத் தள்ளிப்போனது. கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டி செப்டம்பர் 16 ஆனது. வேலையே தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

இன்னொரு காரணம்தான் முக்கியமானது. 2025 ஜூலை 14-ம் தேதி நாடு முழுக்க 150-க்கும் மேற்பட்ட இடங்களில் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் உண்டு. கமிஷனுக்காகப் பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்ட் வாங்கித் தரும் ஏஜென்ட்டுகள்தான் இலக்கு. கொடுக்காத வீட்டு வாடகை, போடாத அரசியல் கட்சி நன்கொடை, வாங்காத கல்விக்கடனுக்கு வட்டி என்று எல்லாமே கணக்கில் வந்திருந்தன. அதன் பிறகு, கழிவுகள் வழக்கத்துக்கு மாறாகத் தெரிந்த ரிட்டர்ன்களைத் துறை தனியே எடுத்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தது. சிறிய தொகைகள் போய்க்கொண்டிருக்கின்றன, சந்தேகத்துக்குரியவைதான் ஆய்வில் உள்ளன என்று நவம்பரில் நேரடி வரிகள் வாரியத் தலைவர் ரவி அகர்வால் விளக்கம் கொடுத்தார். டிசம்பரில் பலருக்கு எஸ்.எம்.எஸ், மெயில் வந்தது. ‘உங்கள் ரீஃபண்ட் கோரிக்கையில் முரண்பாடு தெரிகிறது, பரிசீலனை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, தவறு இருந்தால் டிசம்பர் 31-க்குள் திருத்திய ரிட்டர்ன் போடுங்கள்’ என்பது அதன் சாரம்.

உண்மையாகக் கணக்குக் காட்டியவர்களும் இதைப் பார்த்துப் பயந்துபோனார்கள். பயப்பட வேண்டியதில்லை. கழிவுகளைச் சரியாகக் காட்டியவர்கள் எதுவும் செய்ய வேண்டாம் என்று வாரியமே சொல்லியிருக்கிறது. வாடகை ரசீது, இன்ஷூரன்ஸ் ரசீது, நன்கொடைச் சான்று எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

சரி, கழிவு உண்மையிலேயே பொய்யாக இருந்தால்? “ஐம்பதாயிரம் ரீஃபண்ட் வாங்கித் தர்றேண்ணா, எனக்குப் பத்து பர்சன்ட் குடுத்தா போதும்” என்று யாரோ சொன்னதைக் கேட்டு, என்ன போட்டார்கள் என்றே தெரியாமல் ஓ.டி.பி-யைச் சொன்னவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். பொறுப்பு ஏஜென்ட்டுக்கு வராது, பான் கார்டு யாருடையதோ அவருக்குத்தான் வரும். பொய்யாகக் காட்டியது நிரூபணமானால், ஏய்த்த வரியின் 200 சதவிகிதம் வரை அபராதம் போடச் சட்டத்தில் இடமிருக்கிறது. திருத்திய ரிட்டர்ன் போடும் கெடு டிசம்பரோடு முடிந்துவிட்டது. இப்போது இருப்பது ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’. வரியும் வட்டியும் கட்டி, அதன் மேல் 25 சதவிகிதம் கூடுதலாகவும் கட்ட வேண்டும். வலிக்கும்தான். நோட்டீஸ் வந்த பிறகு இதைவிட அதிகமாக வலிக்கும். ஒரு நல்ல ஆடிட்டரிடம் ரிட்டர்ன் நகலைக் கொடுத்து, இந்த வாரமே கேளுங்கள். ரீஃபண்டைக் கூட்டிக் கேட்பதற்கு இந்த அப்டேட்டட் ரிட்டர்னைப் பயன்படுத்த முடியாது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்க போர்ட்டல்ல இருக்கறது யாரோட நம்பர்?

என்னைப் பொறுத்தவரை, சிற்றூர்களில் ரீஃபண்ட் தொலைந்துபோகிற முதல் இடம் இதுதான். நம்மில் பலர் ரிட்டர்னை நாமே போடுவதில்லை. பிரவுசிங் சென்டரிலோ, ஆடிட்டர் ஆபீஸ் பையனிடமோ கொடுக்கிறோம். அவசரத்துக்கு அவர்கள் தங்கள் மொபைல் நம்பரையும் மெயிலையும் போட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை, ஓ.டி.பி-க்கு ஒவ்வொரு முறையும் உங்களுக்குப் போன் பண்ண வேண்டாமே என்றுதான். ஜூலை சோதனையில் சிக்கிய ஏஜென்ட்டுகளோ, ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மெயில் தொடங்கி, பிறகு அதைக் கைவிட்டிருந்தார்கள். அங்கே போன நோட்டீஸ்களைத் திறந்து பார்க்கவே ஆளில்லை.

இதில் என்ன ஆபத்து? துறை அனுப்பும் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. ரிட்டர்னில் குறை இருக்கிறது என்று நோட்டீஸ் வந்தால் 15 நாளில் சரிசெய்ய வேண்டும். விட்டால் ரிட்டர்னே போடாத மாதிரி ஆகிவிடலாம். பழைய பாக்கியில் ரீஃபண்டைக் கழிக்கப்போகிறோம் என்று கடிதம் வந்தால் 21 நாள். உங்கள் கணக்கை இப்படி மாற்றப்போகிறோம் என்று வந்தால் 30 நாள். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கழித்துவிடுவார்கள். நீங்கள் இங்கே “இன்னும் வரலையே” என்று காத்திருப்பீர்கள். அங்கே கதை முடிந்திருக்கும்.

ஆகவே, இதை இன்று ராத்திரியே செய்யுங்கள். உங்கள் பான் எண்தான் யூசர் ஐ.டி. பாஸ்வேர்டு தெரியாவிட்டால், ஆதாரோடு இணைந்த உங்கள் மொபைலுக்கு வரும் ஓ.டி.பி மூலம் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே போய், ப்ரொஃபைலில் உங்கள் சொந்த நம்பரையும் மெயிலையும் போடுங்கள். பிறகு ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ என்ற பகுதியில் இ-ப்ரொசீடிங்ஸைத் திறந்து ஏதாவது காத்திருக்கிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரிடம் “அண்ணே, உங்க மெயிலுக்கு எனக்கு ஏதாச்சும் வந்திருக்குதா?” என்று கேட்பதிலும் தப்பில்லை. வருஷத்துக்கு முந்நூறு பேருக்குப் போடுகிறவர் அவர்; அவராக ஞாபகம் வைத்துச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியே, ரிட்டர்ன் ‘இ-வெரிஃபை’ ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். தாக்கல் செய்த 30 நாளுக்குள் அதை முடிக்க வேண்டும். முடிக்காத ரிட்டர்ன், கையெழுத்துப் போடாத மனு மாதிரி. அதை யாரும் எடுத்துப் பார்க்கவே மாட்டார்கள். தவறவிட்டிருந்தால், தாமதத்துக்குக் காரணம் சொல்லி மன்னிப்புக் கோரும் விண்ணப்பத்தைப் போர்ட்டலிலேயே போடலாம்.

அப்பா பேரு எங்க இருக்கு?

போர்ட்டலில் ‘ரீஃபண்ட் ஃபெயில்டு’ என்று இருந்தால், துறை பணத்தை அனுப்பிவிட்டது, வங்கி வாசலில் நின்று திரும்பிவிட்டது என்று அர்த்தம். நம்ம ஆளுங்களுக்கு இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், இனிஷியல்.

நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டு எழுதுகிறவர்கள். பான் விண்ணப்பமோ ‘கடைசிப் பெயர்’ கேட்கும். பலர் அங்கே அப்பா பெயரை முழுசாக எழுதிவிடுகிறார்கள். வங்கிக் கணக்கிலோ வெறும் கே.முருகன். ஆதாரில் முருகன் கே. பான் கார்டில் முருகன் குப்புசாமி. நமக்கு மூவரும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். 2019 மார்ச் 1-லிருந்து ரீஃபண்ட் செக் வருவதில்லை. பானோடு இணைத்து, போர்ட்டலில் சரிபார்த்த வங்கிக் கணக்குக்கு மட்டும்தான் வரும். பெயர் ஒத்துப்போகாவிட்டால் அந்தச் சரிபார்ப்பே தோற்றுவிடும். வங்கிக்குப் போய் கே.ஒய்.சி-யில் பான் கார்டில் உள்ளபடியே பெயரை மாற்றச் சொல்லுங்கள். ஆதாரையும் பானையும் மாற்றுவதைவிட இது எளிது.

இன்னொன்று, பழைய ஐ.எஃப்.எஸ்.சி எண். நம் மாவட்டத்தில் பல்லவன் கிராம வங்கியில் கணக்கு வைத்திருந்தவர்கள் அதிகம். 2019 ஏப்ரலில் அது பாண்டியன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. 2020-ல் சிண்டிகேட் வங்கி கனராவோடும், ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டின் கடைசியில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ்-க்குப் போனது. போர்ட்டலில் பழைய விவரமே கிடந்தால், புதிய விவரத்தைச் சேர்த்து மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ரொம்ப நாளாக வரவு செலவே இல்லாமல் முடங்கிப்போன கணக்கும் இதே கதைதான். கணக்கைச் சரிசெய்துவிட்டு, ‘சர்வீசஸ்’ பகுதியில் ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை கொடுங்கள். கொடுக்காவிட்டால் பணம் தானாகத் திரும்பி வரும் என்று இருந்துவிடாதீர்கள்.

பான் – ஆதார் இணைப்பு இல்லாமல் பான் செயலிழந்திருந்தால் ரீஃபண்டும் வராது, அந்தக் காலத்துக்கு வட்டியும் கிடையாது. 1,000 ரூபாய் கட்டி இணைக்க வேண்டும்.

பிடித்த வரி, கணக்கில் ஏறவில்லை என்றால்...

ஓசூர் பையனின் பிரச்னை வேறு. சம்பளத்தில் பிடித்த டி.டி.எஸ்-ஐக் கம்பெனி அவன் பானில் ஏற்றவே இல்லை. துறைக்குத் தெரிந்ததெல்லாம் 26ஏ.எஸ் படிவத்தில் இருப்பதுதான். அதில் இல்லாத வரியை நீங்கள் கேட்டால், ‘கட்டவே இல்லையே’ என்றுதான் பதில் வரும். கம்பெனி கணக்குப் பிரிவில் பேசி, அவர்களது டி.டி.எஸ் அறிக்கையைத் திருத்தச் சொல்ல வேண்டும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தாலே இப்படி ஆகும். அவர்கள் திருத்தி, 26ஏ.எஸ்-ல் தொகை வந்த பிறகு, பரிசீலனை ஏற்கெனவே முடிந்திருந்தால் ‘ரெக்டிஃபிகேஷன்’ கோரிக்கை போடலாம். அந்த உத்தரவு வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுகள் வரை அவகாசம் உண்டு. சம்பள ஸ்லிப்பையும் வங்கி ஸ்டேட்மென்ட்டையும் பத்திரமாக வையுங்கள். உங்களிடம் வரியைப் பிடித்துவிட்டுக் கம்பெனி கட்டாமல் போனால், அதே வரியை உங்களிடம் மறுபடி கேட்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆனால், கம்பெனி கட்டும் வரை ரீஃபண்ட் கைக்கு வராது என்பதும் நிஜம்.

ஆசிரியர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அரியர்ஸுக்கு வரிச்சலுகை கேட்பவர்கள், ரிட்டர்னுக்கு முன்பே 10இ படிவத்தை ஆன்லைனில் போட்டிருக்க வேண்டும். போடாவிட்டால் சலுகையை வெட்டிவிடுவார்கள். ரீஃபண்ட் குறையும், சமயத்தில் பாக்கியே வரும்.

பழைய பாக்கி விஷயத்தில் ஒரு டெல்லிக் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். கம்ப்யூட்டர்மயமானபோது பழைய காகிதக் கணக்குகளில் இருந்த தப்பான பாக்கிகளெல்லாம் அப்படியே ஏற்றப்பட்டு, மக்களின் ரீஃபண்டுகள் கேட்காமலேயே அதில் கழிக்கப்பட்டன. ஓர் ஆடிட்டர் இதைப் பற்றி டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்டு, 2013 மார்ச்சில் துறைக்கு வரிசையாக உத்தரவுகள் போட்டது. வரி செலுத்துபவருக்கு முதலில் சொல்லி, அவர் பதிலைக் கேட்ட பிறகே கழிக்க வேண்டும் என்பது அதில் முக்கியமானது. உங்களுக்கு வரும் அந்த 21 நாள் கடிதத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். போர்ட்டலில் ‘அவுட்ஸ்டாண்டிங் டிமாண்ட்’ பகுதியில் பாக்கி ஏதாவது காட்டினால், ஏற்கவில்லை என்பதைக் காரணத்தோடும் சலானோடும் பதிவு செய்யுங்கள். 2009-10 வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரையிலான 10,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றையும் 2024-ல் அரசே கைவிட்டது. உங்களுடையது அந்த வகையா என்றும் பாருங்கள்.

புகாரை எப்படி எழுதுவது?

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லையா? 1800 103 0025, 1800 419 0025 என்ற இலவச எண்களில் முதலில் கேளுங்கள். அங்கே பேசுபவரால் பணத்தை அனுப்ப முடியாது. எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியும். அடுத்தது, போர்ட்டலிலேயே ‘கிரீவன்ஸ்’ பகுதி. பரிசீலனை பெங்களூரில் நின்றால் சி.பி.சி என்றும், உங்கள் பகுதி அதிகாரியிடம் நின்றால் ‘அசெஸ்ஸிங் ஆபீசர்’ என்றும் பிரித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் மாறிப் போன புகார், ‘எங்கள் வேலை இல்லை’ என்ற பதிலோடு மூடப்படும்.

எழுதும்போது கோபத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். எந்த ஆண்டு, ரிட்டர்னின் ஒப்புகை எண், வெரிஃபை செய்த தேதி, வரவேண்டிய தொகை, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்பட்டுவிட்டது என்ற தகவல், இதுவரை வந்த கடிதங்களுக்குப் பதில் கொடுத்த தேதி. கடைசியாக ஒரே ஒரு கேள்வி: பரிசீலனை எந்தக் காரணத்தால் நிற்கிறது? “பல மாதமாக அலைகிறேன், நடவடிக்கை எடுக்கவும்” என்று எழுதினால் பதிலும் அதே மாதிரி பொதுவாகத்தான் வரும். அதிலும் திருப்தி இல்லை என்றால் மத்திய அரசின் சி.பி.கிராம்ஸ் தளத்தில் போடலாம். அங்கே 21 நாளுக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2024-ல் வந்த வழிகாட்டுதல். 10 ரூபாய் கட்டணத்தில் ஆர்.டி.ஐ மனுவும் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

கோர்ட்? புனேயைச் சேர்ந்த சாண்ட்விக் ஏசியா நிறுவனத்துக்கு ரீஃபண்ட் மீதான வட்டியைத் தராமல் துறை வருடக்கணக்கில் இழுத்தடித்தது. 2006-ல் உச்ச நீதிமன்றம், அந்தத் தாமதத்துக்கும் இழப்பீடு கொடு என்று துறையைக் கண்டித்தது. படிக்க நன்றாக இருக்கிறது. 25,000 ரூபாய்க்காக நீங்களும் நானும் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனால் வக்கீல் ஃபீஸுக்கே அது பத்தாது. பெரிய தொகை மாட்டியிருக்கும் வியாபாரிகளுக்குத்தான் அந்த வழி.

அதுவரைக்கும் வீட்டுச் செலவு?

பாப்பாரப்பட்டிக்காரர்களுக்குக் காத்திருக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. சுப்பிரமணிய சிவா பாரத மாதாவுக்கு இங்கே ஆலயம் கட்ட ஆசைப்பட்டு, 1923-ல் சித்தரஞ்சன் தாஸைக் கூட்டிவந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23-ல் சிவா போய்ச் சேர்ந்தார். நினைவாலயம் எழும்ப நூற்றாண்டு நெருங்கிவிட்டது. ஆனால், ஸ்கூல் ஃபீஸ் அப்படிக் காத்திருக்காதே!

வரப்போகிற ரீஃபண்டைக் காட்டிக் கைமாற்று வாங்குவதுதான் இருப்பதிலேயே மோசமான முடிவு. 38,000 ரூபாயை மூணு வட்டிக்கு வாங்கினால் மாதம் 1,140 ரூபாய் போகும். துறை தருவது 190. ஆறு மாதத்தில் கிட்டத்தட்ட 5,700 ரூபாய் நஷ்டம். தவிர்க்கவே முடியாது என்றால் வங்கியில் நகைக்கடன் பெரும்பாலும் ஒரு ரூபா வட்டிக்குள் கிடைக்கும். கல்லூரி நிர்வாகத்திடம் தவணை கேட்பது அதைவிட நல்லது. கேட்டால் கொடுக்கிறார்கள்; நாம்தான் கௌரவம் பார்க்கிறோம்.

இந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரர்களும் மோப்பம் பிடிக்கிறார்கள். 15,490 ரூபாய் ரீஃபண்ட் உங்களுக்கு ஓகே ஆகிவிட்டது, லிங்க்கைத் தொட்டு வங்கி விவரத்தைச் சரிபாருங்கள் என்று 2023-ல் ஊரெல்லாம் ஒரு மெசேஜ் சுற்றியது. பொய் என்று மத்திய அரசின் பி.ஐ.பி உண்மை கண்டறியும் பிரிவு அறிவித்தது. வருமான வரித்துறை ஒருபோதும் உங்கள் ஏ.டி.எம் பின்னையோ ஓ.டி.பி-யையோ கேட்காது. மெசேஜில் வந்த லிங்க்கைத் தொடாமல், நீங்களாகப் போர்ட்டல் முகவரியை டைப் செய்து உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே இல்லாத தகவல் நிஜமான தகவல் இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அடியுங்கள்.

அடுத்த வருஷமும் இதே வரிசையில் நிற்காமல் இருக்க வழி இருக்கிறது. கூடுதலாகப் பிடிக்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் அது. வரி வராத வருமானம் உள்ள 60 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 15ஜி படிவமும், 60-ஐத் தாண்டியவர்கள் 15எச் படிவமும் நிதியாண்டு தொடக்கத்திலேயே வங்கியில் கொடுத்தால், டெபாசிட் வட்டியில் டி.டி.எஸ் பிடிக்க மாட்டார்கள். 2025 ஏப்ரலிலிருந்து மூத்த குடிமக்களுக்கு ஆண்டு வட்டி 1 லட்சம் வரை பிடித்தமே கிடையாது. மற்றவர்களுக்கு 50,000 வரை. சம்பளக்காரர்கள் எந்த வரி முறை வேண்டும் என்பதையும் கழிவு விவரங்களையும் ஆபீஸில் ஏப்ரலிலேயே எழுதிக் கொடுங்கள். பிப்ரவரியில் ஓடாதீர்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது. பிரிவு எண்களும் படிவங்களும் மாறும். உங்கள் பழைய ரீஃபண்ட் பழைய சட்டப்படியே வரும், அதில் குழப்பம் வேண்டாம். தாமதமாக ரிட்டர்ன் போட்டால் ரீஃபண்டே கிடையாது என்று புதிய மசோதாவின் முதல் வடிவத்தில் ஒரு வரி இருந்தது. நாடாளுமன்றத் தேர்வுக் குழு ஆட்சேபித்த பிறகு, 2025 ஆகஸ்ட்டில் அதை நீக்கினார்கள். நல்லவேளை.

பணம் வந்ததும் உடனே செலவுப் பட்டியலை எடுக்காமல், கூடவே மெயிலில் வரும் 143(1) அறிவிப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் கேட்டதும் அவர்கள் ஏற்றதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எங்கே வெட்டினார்கள், எத்தனை மாதத்துக்கு வட்டி போட்டார்கள் என்பதெல்லாம் அதிலேயே தெரியும். அந்த வட்டியும் வருமானம்தான். பணம் வந்த ஆண்டுக்கான ரிட்டர்னில் ‘பிற வருமானம்’ பகுதியில் அதைக் காட்ட வேண்டும். மறந்தால் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று அடுத்த ரீஃபண்ட் நிற்கும்.